அட்டைக்குள் ஒளித்த இரண்டாம் பக்கம்

அண்ணா, உன் காலைப் பிடித்துக் கேட்கிறேன், இந்தக் கடிதத்தை யாருக்கும் காட்டாதே. லீவு முடிந்து அங்கே திரும்பி, இதைக் கொண்டுவந்து கொடுக்கிற வெல்டிங்கார அண்ணனுக்கும் காட்டாதே, உன் அறையில் இருக்கும் மற்றவர்களுக்கும் காட்டாதே, போனில் அப்பாவிடம் வாய்தவறிக்கூடச் சொல்லிவிடாதே, அண்ணிக்கு மட்டும் என்றுகூட வேண்டாம். படித்து முடித்ததும் கிழித்துப் போட்டுவிடு. நான் இப்போது குளியலறையில், கவிழ்த்துப் போட்ட வாளி மேல் உட்கார்ந்திருக்கிறேன். நம் வீட்டில் தாழ்ப்பாள் ஒழுங்காக விழுகிற கதவு இது ஒன்றுதான். மடியில் கணக்குப் புத்தகம், அதன் மேல் இந்தத் தாள். குழாய் சொட்டிக்கொண்டே இருக்கிறது, அங்கங்கே மை கலங்கியிருந்தால் அழுதேன் என்று நினைத்துக்கொள்ளாதே. ஒரு இடத்தில் மட்டும்தான் அழுதேன், எந்த இடம் என்று சொல்ல மாட்டேன்.

நாங்கள் எல்லோரும் மூச்சும் பேச்சுமாக நன்றாக இருக்கிறோம், நீயும் அப்படியே இருக்கிறாய் என்று நம்பி எழுதுவது. இது அம்மாவின் வரி என்று உனக்குத் தெரியும். எனக்கு வேறு மாதிரி கடிதம் தொடங்கத் தெரியவில்லை. நீ போன இரண்டரை வருடமாக உனக்கு வந்த கடிதமெல்லாம் அம்மா சொல்லச் சொல்ல நான் எழுதியவைதானே. ஆஸ்பத்திரி சலவைக்கூடத்தில் நாள் முழுக்கப் படுக்கை விரிப்பு மடித்து மடித்து அம்மாவுக்கு விரல் வீங்கிவிடுகிறது, பேனா நழுவுகிறது, அதனால் அவள் வாய், நான் கை. "கமா கிமா போட்டு நேரத்த வீணாக்காத, நான் மூச்சு விடறதுக்குள்ள எழுதிடு" என்பாள். இன்று சாயங்காலமும் ஒன்று எழுதினேன். அது உனக்கு வாங்கிய கம்பளிக் காலுறைகளில் இடது காலுக்குள் இருக்கிறது. இதை வலது காலுக்குள் வைக்கப்போகிறேன். இடது காலில் இருப்பதை நம்பாதே. அப்பாவின் முழங்கால் தேவலை என்று அதில் எழுதியிருக்கிறேன், தேவலை இல்லை. அண்ணி சிரிப்பும் விளையாட்டுமாக இருக்கிறார் என்று எழுதியிருக்கிறேன். அந்த வரியை எழுதும்போது அண்ணி எனக்குப் பின்னால் நின்று துணி மடித்துக்கொண்டிருந்தார்.

யாராவது எழுந்துவிட்டால் முடிக்க நேரம் இருக்காது, அதனால் கடிதத்தின் கடைசியை இங்கேயே எழுதிவிடுகிறேன், பிறகு அந்தப் பயம் இல்லாமல் இருக்கலாம். நேரத்துக்குச் சாப்பிடு, காதை மூடிக்கொண்டு வேலைக்குப் போ, நீயும் உன் மனைவியும் ஒரே அறையில் விளக்கை யார் அணைப்பது என்று சண்டை போட்டுக்கொண்டு நூறு வருடம் நன்றாக இருக்க வேண்டும். சனிக்கிழமை போன் செய்ய மறக்காதே. இப்படிக்கு, அம்மா சொல்ல எழுதும், இன்றைக்கு மட்டும் அம்மா சொல்லாமலே எழுதும், உன் கொசு.

இனி விஷயத்துக்கு வருகிறேன். அண்ணியின் விசா மனுவுக்குப் பதில் வந்த நாளில் வீட்டில் நான் மட்டும்தான் இருந்தேன். பதினாறு நாள் முன்னால், செவ்வாய்க்கிழமை மத்தியானம், பள்ளி அரை நாள். அம்மா சலவைக்கூடத்தில், அப்பா தன் வேலையில், லிஃப்ட் அறையில், அண்ணி கடைக்குப் போயிருந்தார். கூரியர்காரர் அண்ணி பெயரைச் சொல்லிக் கேட்டார், நான்தான் கையெழுத்துப் போட்டு வாங்கினேன். அடுத்தவர் கடிதத்தைப் பிரிக்கக் கூடாது என்று தெரியும். ஆனால் நல்ல சேதியை முதலில் நான்தான் கத்திச் சொல்ல வேண்டும் என்று ஆசை. அண்ணி தெரு முனையில் வரும்போதே மாடியிலிருந்து "அண்ணி, பொட்டிய எடுங்க, கிளம்புங்க" என்று கத்த வேண்டும் என்று மனத்துக்குள் ஒத்திகை பார்த்துக்கொண்டேதான் உறையைக் கிழித்தேன். உள்ளே இரண்டு தாள். முதல் தாளிலேயே மனு ஏற்கப்படவில்லை என்று போட்டிருந்தது. முதல் காரணமும் அதிலேயே இருந்தது. நேர்காணலில் கணவர் வாரத்தில் எத்தனை நாள் வேலை செய்கிறார் என்று கேட்டதற்கு அண்ணி ஆறு நாள் என்று சொல்லியிருக்கிறார், உன் கம்பெனி கொடுத்த சான்றிதழில் நாலு நாள் என்று இருக்கிறது, இருவரும் ஒருவரைப் பற்றி ஒருவர் அறிந்தவர்கள்தானா என்று சந்தேகம் வருகிறது என்று. அத்தோடு முதல் பக்கம் முடிகிறது.

இரண்டாம் பக்கத்தில் என்ன இருக்கிறது என்று நான் உனக்குச் சொல்ல வேண்டியதில்லை. ஸ்பான்சர் செய்த கணவருக்கு ஒரு நகல் அனுப்பப்பட்டது என்று அடியில் போட்டிருக்கிறது. உனக்கும் அது வந்திருக்கிறது, அண்ணா. ஆனாலும் எனக்குப் புரிந்ததை எழுதுகிறேன். உன் சம்பளம் மனைவியை அழைக்கத் தேவையான வரம்பைத் தாண்டுகிறது, ஆனால் அதில் பாதிக்குக் கொஞ்சம் குறைவாக மாதம் தவறாமல் பெற்றோருக்குப் போகிறது, ஒவ்வொரு முறையும் 'பெற்றோர் பராமரிப்பு' என்று குறிப்போடு போகிறது, ஆகவே அது உன் தலைமேல் உள்ள நிரந்தரப் பொறுப்பு, அதைக் கழித்தால் மிஞ்சுவது ஒரு மனைவியை வைத்துக் காப்பாற்றப் போதாது. நிலைமை வேறு என்று காட்டச் சான்று இருந்தால் இருபத்தெட்டு நாளுக்குள் மறுபரிசீலனைக்கு அனுப்பலாம். அகராதியை வைத்துக்கொண்டு நாலு தடவை படித்தேன். நாலாவது தடவைதான் முழுதாகப் புரிந்தது.

நான் என்ன செய்தேன் என்று எழுதுகிறேன். என்னைத் திட்டு, ஆனால் கடைசிவரை படித்துவிட்டுத் திட்டு. இரண்டாம் பக்கத்தை மடித்து, என் கணக்குப் புத்தகத்துக்குப் போட்டிருக்கும் பழுப்புத்தாள் அட்டைக்குள் செருகிவிட்டேன். முதல் பக்கத்தின் கீழ் மூலையில் 'பக்கம் 1, மொத்தம் 2' என்று பொடி எழுத்தில் இருந்தது. அதன் மேல் தேநீர் டம்ளரை வைத்து, கொஞ்சம் சிந்தவும் சிந்தினேன். அண்ணி வந்ததும் அந்த ஒரு தாளை மட்டும் கையில் கொடுத்தேன். திருப்பிப் பார்த்தார், பின்பக்கம் வெள்ளை. "அவ்வளவுதானா?" என்று கேட்டார். அவ்வளவுதான் அண்ணி என்றேன். அப்பா வந்து பார்த்துவிட்டு, கவர்மெண்ட் கடிதத்தில் டீ சிந்தும் வீடு உருப்படுமா என்று என் தலையில் ஒரு தட்டுத் தட்டினார். அந்தத் தட்டு எனக்குக் குறைச்சல்.

ஏன் செய்தேன் என்றால், பொய் சொல்லாமல் எழுதுகிறேன், என் பள்ளிக்கட்டணம் உன் பணத்திலிருந்துதான் போகிறது. நான் பத்தாவது தேறியபோது அப்பா சொன்னது ஞாபகம் இருக்கிறதா, "அண்ணன் பணம் வர்றவரைக்கும்தான் இந்தப் பள்ளிக்கூடம், நின்னா நீயும் நின்னுக்க வேண்டியதுதான்" என்று விளையாட்டாகத்தான் சொன்னார், எனக்கு விளையாட்டாக இல்லை. அந்தப் பக்கத்தை எல்லோரும் படித்தால் நீ பணம் அனுப்புவதை நிறுத்துவாய், நான் ஏதாவது கடையில் பில் போட உட்கார வேண்டியதுதான் என்று தோன்றியது. ஒரு நிமிஷத்தில் தோன்றியதை ஒரு நிமிஷத்தில் செய்துவிட்டேன். மறுநாள் எடுத்துக் கொடுத்துவிடலாம் என்று நினைத்தேன். மறுநாள் கொடுப்பது முதல் நாளைவிடக் கஷ்டமாக இருந்தது, அதற்கு மறுநாள் அதைவிடக் கஷ்டம். இப்படியே பதினாறு நாள் போய்விட்டது.

இந்தப் பதினாறு நாளில் வீட்டில் நடந்தது உனக்குத் தெரியாது. நீ போன் செய்யும்போது அப்பா ஸ்பீக்கரில் போட்டு நடுக்கூடத்தில் பிடித்துக்கொள்கிறார், நாங்கள் நாலு பேரும் சுற்றி உட்கார்ந்து சிரிக்கிறோம். நீயும் "ஏதோ ஒரு பேப்பர் பத்தலையாம், விடுங்கப்பா, அடுத்த வருஷம் போட்டுக்கலாம்" என்று சிரித்தாய். அந்தச் சிரிப்புக்குப் பிறகு போனை வைத்ததும் இங்கே யாரும் சிரிப்பதில்லை. எல்லோர் கையிலும் இருப்பது முதல் பக்கம் மட்டும்தான், அதில் இருப்பது அண்ணியின் தப்பு மட்டும்தான். அப்பா நேராகத் திட்டுவதில்லை, செய்தித்தாளைப் பார்த்துக்கொண்டே சொல்வார், "ஆறா நாலான்னு புருஷன் வேலைக்குப் போற நாள்கூடத் தெரியாமயா பதில் சொல்லப் போனது?" என்று. அம்மா உடனே "விடுங்க, சின்னப் பொண்ணு, பயத்துல உளறிட்டா" என்பாள். அம்மா பரிந்து பேசுவதுதான் அண்ணிக்கு அதிகம் வலிக்கிறது என்று எனக்குத் தோன்றுகிறது, ஏனென்றால் அண்ணி உளறவே இல்லை. நீ அவரிடம் ஆறு நாள் என்று சொல்லியிருக்கிறாய், அவர் அதை நம்பிச் சொல்லியிருக்கிறார்.

அண்ணியின் பெட்டி கதவுக்குப் பின்னால் எட்டு மாதமாக நிற்கிறது, தெரியுமா. மனு போட்ட வாரமே அடுக்கிவிட்டார். கண்ணாடிக்கடை வேலையை விடச் சொன்னதும் நாம்தான், "விசா இன்னிக்கோ நாளைக்கோ வந்துடும், அவன் கூப்பிட்டா உடனே கிளம்ப வேணாமா" என்று அப்பா சொன்னார், நீயும் சரி என்றாய். ஆறு வருடம் லென்ஸ் பொருத்திய கை, இப்போது வீட்டில் உள்ள நாலு மூக்குக்கண்ணாடியையும் தினமும் துடைத்துத் துடைத்து வைக்கிறது. எதிர்வீட்டு டெய்லர் கண்ணாடிக்கும் ஆணி முடுக்கிக் கொடுத்தார். உடுத்தத் துணி வேண்டுமென்றால் பெட்டியிலிருந்து எடுப்பார், துவைத்துக் காய்ந்ததும் திரும்பப் பெட்டியிலேயே வைப்பார், அலமாரியில் வைக்கவே மாட்டார். அலமாரியில் வைத்தால் இங்கேயே தங்கிவிடுவோம் என்று பயமா என்று ஒரு நாள் கேட்டேன். "ஆமாடி கொசு, பெட்டி பழகிடுச்சு" என்று சிரித்தார். போன வாரம் ராத்திரி பக்கத்தில் படுத்திருந்தவர் கூரையைப் பார்த்துக்கொண்டே கேட்டார், "நாலு நாள் வேலைன்னா, மீதி மூணு நாள் எங்கடி போறார் உங்க அண்ணன்?" என்று. நான் தூங்குகிற மாதிரி மூச்சு விட்டேன்.

முந்தாநாள் குடிநீர் பிடிக்கப் போனவர் மாடிப்படியில் நின்று அவர் அம்மாவிடம் போனில் பேசினார். "வந்துடறேன்மா, இங்க எல்லார் மூஞ்சியும் என்னாலதான் தொங்குது. அவருக்கும் நான் அங்க வர்றதுல பெருசா இஷ்டம் இல்லையோ என்னவோ" என்று சொன்னார். நான் மேல்படியில் குடத்தோடு நின்றேன். ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்கு அவர் அப்பா வண்டியோடு வருகிறார். பத்து நாள் இருந்துவிட்டு வரட்டும் என்று அம்மா எல்லோரிடமும் சொல்கிறாள். பத்து நாள் போகிறவர் யாராவது மூக்குக்கண்ணாடி துடைக்கும் துணியைக்கூட மடித்து எடுத்துவைப்பாரா அண்ணா? இந்தக் கடிதத்தில் உன்னைக் கேட்பது இது ஒன்றுதான். அண்ணி அந்த வண்டியில் ஏறக் கூடாது. ஏறினால் திரும்ப மாட்டார். ஏற வைத்தது நீயும் நானும்தான், ஒரே பக்கத்தை நீ அங்கே மறைத்தாய், நான் இங்கே மறைத்தேன், நடுவில் அவர் மாட்டிக்கொண்டார்.

நீ ஏன் மறைத்தாய் என்று எனக்குத் தெரியும். வெல்டிங்கார அண்ணன் பார்சல் எவ்வளவு பெரிது என்று பார்க்க வந்தபோது வாசலில் நான்தான் நின்றேன். பாவம், அவருக்கு மனத்தில் எதுவும் நிற்காது. "உங்கண்ணன் கிட்ட நான் சொன்னேன்னு சொல்லாதம்மா. ஷிஃப்ட் நாலு நாள் ஆனதுலேர்ந்து மத்தியானச் சாப்பாட்டை நிறுத்திட்டான். குளிர்கிடங்குல அத்தனை நேரம் விறைச்சுப்போய் வண்டி ஓட்டிட்டு வெறும் தண்ணி குடிச்சா ஆகுமா? மீதி மூணு நாளும் வேலை கேட்டு ஏறி இறங்கிட்டே இருக்கான். ஊருக்கு அனுப்பறத மட்டும் ஒரு காசு குறைக்க மாட்டேங்கறான்" என்றார். ஆக மூன்று நாள் எங்கே போகிறாய் என்பதற்கு எனக்குப் பதில் கிடைத்தது. அந்தப் பதில் எனக்கு எதற்கு, அது அண்ணிக்குச் சேர வேண்டியது.

இப்போது நான் இரண்டாவது ரகசியத்தை உடைக்கப்போகிறேன். இதற்கு அப்பா என்னைச் சும்மா விட மாட்டார். நீ சாப்பிடாமல் அனுப்பும் பணம் எங்கே போகிறது தெரியுமா? நாங்கள் சாப்பிடுகிறோம் என்று நினைக்கிறாய். இல்லை. லிஃப்ட் குழியில் விழுந்து முழங்கால் போனதிலிருந்து அப்பாவுக்குப் பாதிச் சம்பளம்தான், ஆனாலும் அதிலும் அம்மா சம்பளத்திலும்தான் வீடு ஓடுகிறது. உன் பணத்தில் என் கட்டணம் போகிறது, முட்டிக்கு ஊசி போட்ட இரண்டு மாதம் அதற்குப் போனது, மற்றபடி மிச்சம் எல்லாவற்றையும் அப்பா வங்கியில் நிரந்தர வைப்பாகப் போட்டுக்கொண்டே வருகிறார். உன் கல்யாணம் ஆன மாதத்திலிருந்து. ரசீதில் முதல் பெயர் உன் பெயர், இரண்டாவதுதான் அப்பா பெயர். படிவம் நிரப்புவது நான், அதனால்தான் எனக்குத் தெரியும், அம்மாவுக்குக்கூடத் தெரியாது. "அவன் சம்சாரத்தோட அங்க வீடு பார்க்கறப்ப மொத்தமா கையில குடுத்து அசத்தணும். அதுவரைக்கும் வாயத் திறந்த, பாரு" என்று என்னிடம் சத்தியம் வாங்கியிருக்கிறார். ரசீதெல்லாம் அவருடைய கருவிப்பெட்டியில் ஸ்பானர்களுக்கு அடியில் ஒரு தட்டை டின்னுக்குள் இருக்கிறது, பதினைந்து ரசீது. நீ பட்டினி கிடந்து அனுப்புகிறாய், அப்பா அதை உனக்காகவே பூட்டி வைக்கிறார், அதே பணத்தைக் காட்டி ஆபீஸ்காரர்கள் உன் மனைவியை உள்ளே விட மாட்டோம் என்கிறார்கள். இதை நினைத்துப் பார்த்தபோதுதான் அழுதேன், சொல்ல மாட்டேன் என்றேன், சொல்லிவிட்டேன், போகட்டும்.

'பெற்றோர் பராமரிப்பு' என்று குறிப்பில் போடச் சொன்னதே அப்பாதானே, ஞாபகம் இருக்கிறதா? பாஸ்புக்கில் அப்படி அச்சாகி வரவேண்டும் என்று. அதை அவர் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு லிஃப்ட் அறையில் எலக்ட்ரீஷியனிடமும் வாட்ச்மேனிடமும் காட்டுவார். "படிச்சுப் பாருய்யா, கம்ப்யூட்டரே அடிச்சிருக்கு" என்பார். பராமரிப்பே வேண்டாத மனிதர் அந்த ஒரு வார்த்தைக்காக மாதாமாதம் வரிசையில் நின்று பாஸ்புக்கில் பதிவு போடுகிறார். அவரைக் குற்றம் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. ஆனால் அந்த வார்த்தைதான் உன் மனுவைக் கவிழ்த்தது, அது அவருக்குத் தெரிந்தே ஆக வேண்டும்.

நான் சும்மா புலம்புவதற்காக எழுதவில்லை. வேலையில் பாதி முடித்துவிட்டேன். நேற்று அப்பா குளிக்கும்போது டின்னை எடுத்து, பள்ளிக்குப் பக்கத்து ஜெராக்ஸ் கடையில் பதினைந்து ரசீதையும் நகல் எடுத்தேன், மாலைக்குள் திருப்பி அதே வரிசையில் வைத்துவிட்டேன், மேலே இருந்த பத்தாம் நம்பர் ஸ்பானரைக்கூட அதே பக்கம் பார்த்து வைத்தேன். நகல்கள் இந்தக் கடிதத்தோடு இருக்கின்றன, மடிப்பில் கிழியாமல் பார்த்துப் பிரி. பன்னிரண்டு நாள் மிச்சம் இருக்கிறது, உன் கைக்கு வரும்போது பத்து. அப்பா எழுதித் தர வேண்டிய கடிதத்தையும் நானே ஆங்கிலத்தில் எழுதி வைத்திருக்கிறேன், கையெழுத்துதான் பாக்கி. நாலே வரி. நானும் என் மனைவியும் சம்பாதிக்கிறோம், மகன் அனுப்புவதை நம்பி நாங்கள் பிழைக்கவில்லை. அவன் அனுப்பியதில் பெரும்பகுதி அவன் பெயரிலேயே வங்கியில் இருக்கிறது, ரசீதுகள் இணைப்பில். என் மகளின் பள்ளிக்கட்டணத்துக்கும் என் சிகிச்சைக்கும் மட்டும் அதிலிருந்து எடுத்தேன். வரும் மாதம் முதல் அவன் எதுவும் அனுப்ப வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். கட்டண வரியை விட்டுவிடலாமா என்று ஒரு கணம் யோசித்தேன். ஒரு பக்கத்தை மறைத்துப் பட்டது போதும், ஒரு வரியைக்கூட மறைக்கப்போவதில்லை. உன் கம்பெனிச் சான்றிதழில் உள்ள நாலு நாளும் நாலு நாளாகவே இருக்கட்டும், நீயும் அவர்களுக்கு உள்ளதை உள்ளபடி எழுது. அண்ணியிடம் ஆறு என்று சொன்னது நான்தான், அவள் தப்பு இல்லை என்று உன் கையால் ஒரு வரி எழுது.

கட்டணத்தைப் பற்றி நீ கவலைப்படாதே. தலைமையாசிரியை அம்மாவைப் போய்ப் பார்த்தேன். சலுகைத் தேர்வு ஒன்று இருக்கிறதாம், தேறினால் பாதிக் கட்டணம். தேறாவிட்டால் மாற்றுச்சான்றிதழ் வாங்கிக்கொண்டு ரயில்பாதைக்கு அந்தப் பக்கம் உள்ள இலவசப் பள்ளியில் சேர்ந்துகொள்கிறேன், படிவமும் வாங்கி வைத்துவிட்டேன். அங்கே அறிவியல் கூடத்தில் பாதிக் குழாயில் தண்ணீர் வராதாம், நம் வீட்டுக் குழாய் நிற்காமல் சொட்டுகிறது, நான் இரண்டுக்கும் நடுவில் சமாளித்துக்கொள்கிறேன்.

கொஞ்சம் பொறு, யாரோ வருகிறார்கள்.

அண்ணிதான். மெல்ல இரண்டு தட்டு, அவர் எப்போதும் அப்படித்தான். "கொசு, வயிறு சரியில்லையா?" என்று கேட்டார். ஆமாம் அண்ணி என்றேன், இன்னொரு பொய். "வெந்நீர் வெச்சிருக்கேன் வாசல்ல. அவசரம் இல்ல, மெதுவா வா" என்று சொல்லிவிட்டு, போகாமல் அங்கேயே கொஞ்ச நேரம் நின்றார். நிழல் கதவடியில் தெரிந்தது. பிறகு டம்ளரைத் தரையில் வைக்கும் சத்தம் கேட்டது. அவரை வீட்டை விட்டு அனுப்புகிற தாள் என் மடியில் இருக்கிறது, அவர் எனக்கு வெந்நீர் வைக்கிறார்.

இதற்கு முன்னால் உன்னிடம் மட்டும் சொல்லி, நீ எப்படியாவது சரிசெய்துவிடுவாய், என் பெயர் வெளியே வராது என்றுதான் நினைத்திருந்தேன். இப்போது அப்படி இல்லை. நாளைக் காலை ஆறு மணிக்கு வெல்டிங்கார அண்ணன் வந்து பார்சலை எடுத்துக்கொண்டு போனதும், தேநீர் நேரத்தில் நாலு பேரும் இருக்கும்போது, இரண்டாம் பக்கத்தை நானே எழுந்து நின்று படிக்கப்போகிறேன். முதலில் ஆங்கிலத்தில், பிறகு தமிழில், ஒரு வார்த்தை விடாமல். அப்பா அடித்தால் அடிக்கட்டும். பாஸ்புக்கைத் தூக்கி எறிந்தால் எறியட்டும். பிறகு நாலு வரிக் கடிதத்தை அவர் முன்னால் வைப்பேன். கையெழுத்து வாங்காமல் பள்ளிக்குப் போக மாட்டேன். வாங்கியதும் மத்தியானமே கூரியரில் அனுப்புகிறேன், காசு வைத்திருக்கிறேன், எங்கிருந்து என்று கேட்காதே, என் பழைய சைக்கிள் எதிர்வீட்டு டெய்லர் மகனுக்குப் பிடித்திருந்தது.

உன் பங்குக்கு மூன்று வேலை. சனிக்கிழமை பார்சல் கைக்கு வந்த உடனே, குளிக்காமல் கொள்ளாமல், அண்ணியின் போனுக்குக் கூப்பிடு. அப்பா போனுக்கு வேண்டாம், ஸ்பீக்கர் வேண்டாம். நாலு நாளைப் பற்றியும் மூன்று நாளைப் பற்றியும் மத்தியானச் சாப்பாட்டைப் பற்றியும் நீயே உன் வாயால் சொல்லு. அவர் கோபப்படுவார், படட்டும், கோபம் வந்தால் மூக்கு நுனி சிவக்கும், அது இந்த மௌனத்தைவிட எவ்வளவோ மேல். இரண்டாவது, இந்த மாதப் பணத்தை அனுப்பாதே, நாங்கள் யாரும் செத்துவிட மாட்டோம். மூன்றாவது, அந்தப் பணத்தில் மத்தியானம் சாப்பிடு. சூடாகச் சாப்பிடு. அம்மா சொன்னால் கேட்பாய், கொசு சொன்னால் கேட்க மாட்டாயா? அம்மாவும் தெரிந்தால் இதையேதான் கமா இல்லாமல் சொல்லுவாள்.

அண்ணா, இன்னொன்றும் எழுத வேண்டும் என்று நினைத்தேன், அண்ணியின் வேலைச் சான்றிதழ் அவர் பெட்டியின் மேல் பைக்குள் இருக்கிறது, ஆறு வருட அனுபவம் என்று போட்டிருக்கிறது, அங்கே வந்தால் அவரும் சம்பாதிப்பார் என்று அதையும் இணைக்கலாமா என்று

தடியின் சத்தம் கேட்கிறது. அப்பா. இரண்டு காலடிக்கு ஒரு தடி, இப்போது கதவுக்கு வெளியே நிற்கிறது. தட்டுகிறார். "யாரு உள்ள? எவ்ளோ நேரமா லைட் எரியுது? கரெண்ட் பில்ல உங்கண்ணனா வந்து கட்டுவான்?" என்கிறார். அம்மாவும் எழுந்துவிட்டாள் போலிருக்கிறது, அண்ணியின் குரலும் கேட்கிறது, அவளுக்கு உடம்பு சரியில்லை மாமா என்கிறார். இரண்டாம் பக்கத்தைத் திரும்ப அட்டைக்குள் செருகக் கை போயிற்று. செருகவில்லை. நாலு பேரும் இங்கேயேதான் இருக்கிறோம், காலை வரைக்கும் எதற்கு. அப்பா கையெழுத்துப் போட வேண்டியதும் கையில் இருக்கிறது, பேனாவும் இருக்கிறது. அண்ணா, யாருக்கும் காட்டாதே என்று மேலே எழுதினேனே, அந்த வரியை அடித்துவிடு, நான் தாழ்ப்பாளைத் திற